பதினோரு வெற்றி பெரிதா, ஒன்பது வெற்றி பெரிதா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2024ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் தேதி இந்தியானா பல்கலைக்கழக அணி மிச்சிகனை 20-15 என்று வென்றது. இரண்டு வாரம் கழித்து அதே இந்தியானா, கொலம்பஸ் நகரில் ஒஹாயோ ஸ்டேட்டிடம் 38-15 என்று தோற்றது. அதற்கு அடுத்த சனிக்கிழமை, அதே மைதானத்தில், ஒஹாயோ ஸ்டேட்டை மிச்சிகன் 13-10 என்று மண்ணைக் கவ்வ வைத்தது. மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த அணி எந்த அணியைவிட மேல் என்று சொல்ல வழியே இல்லை. ஆனாலும் அந்த மூன்றில் ஒஹாயோ ஸ்டேட் தேசிய சாம்பியன் ஆனது. மிச்சிகன் 8 வெற்றி, 5 தோல்வியோடு ஒதுங்கியது. இந்தியானாவோ 12 ஆட்டங்களில் 11 வெற்றி பெற்றிருந்தும், யாரோடு மோதி வாங்கிய வெற்றிகள் அவை என்ற கேள்வியைச் சுமந்தபடியே தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது.

நான் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்துதான் என்பதைத் தமிழில் எழுதும்போது ஒருமுறை சொல்லிவிட வேண்டியிருக்கிறது. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை திங்கட்கிழமை காலைகளில் அலுவலகத்தில் வேலை சற்றுத் தாமதமாகத்தான் தொடங்கும். என்னுடன் வேலை பார்க்கும் அலபாமாக்காரர் ஒருவர், தம் ஊர் அணியின் 9 வெற்றிகள் இந்தியானாவின் 11 வெற்றிகளைவிடக் கனமானவை என்று அந்த ஆண்டு டிசம்பர் முழுவதும் வாதாடினார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியில் என்ன கோளாறு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த வாதம் ஏன் எழுகிறது என்பதற்கு அந்த விளையாட்டின் அமைப்பே காரணம். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒவ்வொன்றோடும் இரண்டு முறை மோதி, 38 ஆட்டங்களில் கணக்கு தீர்ந்துவிடும். யாருடைய அட்டவணை கடினம் என்ற பேச்சுக்கே அங்கு இடம் குறைவு. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டில் 2024இல் 134 அணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வழக்கமான பருவத்தில் கிடைப்பவை 12 ஆட்டங்கள். அவற்றில் எட்டோ ஒன்பதோ தன் சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தான் சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்குள்ளேயே, போய்விடும். மீதமுள்ள மூன்று நான்கில் ஒன்று கீழ்ப்பிரிவு அணியோடு, இன்னொன்று சிறிய கான்ஃபரன்ஸ் அணியோடு என்று கழிந்துவிட்டால், நாட்டின் தென்கிழக்கில் கோலோச்சும் எஸ்.இ.சி.யையும் மத்திய மேற்கின் பிக் டென்னையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒப்பிடுவதற்கு மிஞ்சுபவை செப்டம்பர் மாதத்தில் நடக்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்கள் மட்டுமே. பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்கள் இந்த ஒப்பீட்டுக்கு உதவும்தான். ஆனால் அவை நடக்கும் நேரத்தில் பிளேஆஃபுக்கான தேர்வு முடிந்து போயிருக்கும்.

இவ்வளவு குறைந்த சாட்சியத்தை வைத்துக்கொண்டுதான் 13 பேர் கொண்ட தேர்வுக்குழு ஒன்று அணிகளை வரிசைப்படுத்துகிறது. பிளேஆஃபுக்கு 2014 முதல் பத்துப் பருவங்கள் நான்கு அணிகள், 2024இலிருந்து பன்னிரண்டு. 2024இலும் 2025இலும் கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் தரவரிசையில் முன்னின்ற ஐந்து அணிகளுக்கு இடம் உறுதி. எஞ்சிய ஏழு இடங்களுக்குத்தான் அடிதடி. 2024இல் அந்தக் கடைசி இடம் 11 வெற்றி, 2 தோல்வி பெற்றிருந்த எஸ்.எம்.யு. (சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம்) அணிக்குப் போனது. 9 வெற்றி, 3 தோல்வி பெற்ற அலபாமா வாசலிலேயே நின்றுவிட்டது.

முதலில் இந்தியானாவின் அட்டவணையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கான்ஃபரன்ஸுக்கு வெளியே அது சந்தித்தவை ஃப்ளோரிடா இன்டர்நேஷனல், வெஸ்டர்ன் இல்லினாய், ஷார்லட் ஆகிய மூன்றும். இவற்றில் வெஸ்டர்ன் இல்லினாய் கீழ்ப்பிரிவு அணி. மூன்றையும் சேர்த்து வைத்தாலும் யாருக்கும் தூக்கம் கெடப் போவதில்லை. பிக் டென்னில் 18 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 9 கான்ஃபரன்ஸ் ஆட்டங்களே ஆடுவதால், பாதி எதிரிகளை அணிகள் கண்ணாலேயே காண்பதில்லை. அந்த ஆண்டு இந்தியானாவுக்கு ஒரிகனும் வரவில்லை, பென் ஸ்டேட்டும் வரவில்லை. ஒரே கான்ஃபரன்ஸில் இருக்கும் இரண்டு அணிகளின் அட்டவணைகள்கூட ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் அமைந்துவிடலாம் என்பதை, பிக் டென் கடினம், எஸ்.இ.சி. அதைவிடக் கடினம் என்று மொத்தமாகப் பேசுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அதே அட்டவணையில் மிச்சிகனும் வாஷிங்டனும் இருந்தன. அந்த ஆண்டு ஜனவரியில்தான் தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதியாட்டத்தில் வாஷிங்டனை மிச்சிகன் 34-13 என்று வென்றிருந்தது. அதாவது, கோடையில் இந்த அட்டவணையைப் பார்த்த ஒருவர், முந்தைய பருவத்தின் இரண்டு இறுதியாட்ட அணிகளோடும் ஒஹாயோ ஸ்டேட்டோடும் மோத வேண்டிய இந்தியானாவின் மேல் பரிதாபப்பட்டிருக்கலாம். நவம்பருக்குள் அந்தப் பரிதாபம் ஏளனமாக மாறிவிட்டது. மிச்சிகனின் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார். வாஷிங்டனின் பயிற்சியாளர் கேலன் டிபோர் அலபாமாவுக்கே போய்விட்டார். இரண்டு அணிகளின் முக்கிய வீரர்கள் பலரும் கல்லூரிக் காலம் முடிந்து வெளியேறிவிட்டார்கள். சட்டையும் கொடியும் பாட்டும் அதேதான். ஆடும் அணி வேறு. வாஷிங்டன் 6 வெற்றி, 7 தோல்வியில் பருவத்தை முடித்தது.

எதிரியின் பெயருக்கும் பலத்துக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளிக்கு இதைவிட நல்ல உதாரணம் 1984இல் கிடைக்கும். யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் நாட்டின் மூன்றாம் இடத்தில் வைக்கப்பட்டிருந்த பிட்ஸ்பர்கை 20-14 என்று வென்றது. அந்த வெற்றியோடு தரவரிசையில் சட்டென்று மேலே ஏறியது. பிறகு தோல்வியே காணாமல் 13 ஆட்டங்களையும் வென்று, கடைசியில் 6 வெற்றி, 5 தோல்வியோடு வந்திருந்த மிச்சிகனை ஹாலிடே பவுலில் 24-17 என்று தோற்கடித்து, தேசிய சாம்பியன் என்ற பட்டத்தையும் பெற்றது. அந்தப் பிட்ஸ்பர்க் அணி பருவத்தை முடித்தபோது அதன் கணக்கு 3 வெற்றி, 7 தோல்வி, ஒரு சமன். செப்டம்பரில் மூன்றாம் இடத்து அணியை வென்றதாக எழுதப்பட்ட வரவு, டிசம்பரில் செல்லாக்காசாகியிருந்தது. ஆனால் அந்த வரவால் ஏறிய படிகளிலிருந்து பிரிகம் யங்கை இறக்குவதற்கு ஒரு தோல்வியாவது வேண்டுமே, அது வரவேயில்லை. அந்தப் பட்டத்தைக் குறைசொல்லும் பேச்சு நாற்பது ஆண்டுகள் கழித்தும் ஓயவில்லை.

சரி, உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்கு போட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றும். கணக்கும் போட்டுப் பார்த்தார்கள். பிளேஆஃபுக்கு முன்பு இறுதியாட்டத்துக்கான இரண்டு அணிகளைத் தேர்ந்தெடுக்க 1998இல் தொடங்கிய பி.சி.எஸ். முறையில், முதல் சில ஆண்டுகள், அட்டவணையின் கடினம் சூத்திரத்தில் தனி அங்கமாகவே இருந்தது. எதிரிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு, அந்த எதிரிகளின் எதிரிகள் பெற்ற வெற்றி விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு என்று கூட்டினார்கள். பார்க்க நேர்மையான சூத்திரம்தான். ஆனால் எதிரிகள் யாரை வென்று அந்த விகிதத்தைப் பெற்றார்கள் என்ற கேள்வியில் அது ஒரே ஒரு படி மட்டும் இறங்கிவிட்டு நின்றுவிடுகிறது. பலவீனமான கான்ஃபரன்ஸில் 10 ஆட்டங்களை வென்ற ஓர் அணியோடு மோதினால், பலமான கான்ஃபரன்ஸில் 5 ஆட்டங்களை வென்ற அணியோடு மோதுவதைவிட அதிக மதிப்பு கிடைத்துவிடும். 2004இல் சூத்திரத்தை மாற்றியமைத்தபோது அந்த அங்கத்தையே எடுத்துவிட்டார்கள், பி.சி.எஸ். பயன்படுத்திய கணினித் தரவரிசைகளுக்குள் எதிரியின் பலம் ஏற்கெனவே கலந்திருக்கிறது, தனியாக ஏன் இன்னொரு முறை எண்ண வேண்டும் என்பது அதன் தர்க்கம்.

அந்தக் கணினித் தரவரிசைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வெஸ்லி காலி என்ற வானியற்பியலாளர் உருவாக்கியது. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. போன வருடம் யார் பெரியவர் என்பதையும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அணியின் மதிப்பும் அதன் எதிரிகளின் மதிப்பைச் சார்ந்தது, அந்த எதிரிகளின் மதிப்பு அவர்களுடைய எதிரிகளைச் சார்ந்தது என்று போகும் முடிவில்லாத சங்கிலியை, அணிக்கு ஒன்றாக நூற்றுக்கும் மேற்பட்ட சமன்பாடுகளாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தீர்த்துவிடுகிறது. 2017 பருவத்தின் இறுதியில் அந்த முறை முதலிடம் கொடுத்தது தேசிய சாம்பியனான அலபாமாவுக்கு இல்லை, சென்ட்ரல் ஃப்ளோரிடாவுக்கு.

சென்ட்ரல் ஃப்ளோரிடா அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆனாலும் அதன் அட்டவணை மெலிந்தது என்று சொல்லித் தேர்வுக்குழு அதை 12ஆம் இடத்தில் வைத்தது. அந்த அட்டவணையில் ஜார்ஜியா டெக்கோடு ஓர் ஆட்டம் இருந்ததும், இர்மா புயலால் அது ரத்தானதும் பலருக்கு நினைவில்லை. பிறகு 2018 புத்தாண்டு அன்று பீச் பவுலில் அது ஆபர்னை 34-27 என்று வென்றது. அந்த ஆபர்ன், பட்டத்துக்காக இறுதியில் மோதிக்கொண்ட அலபாமா, ஜார்ஜியா இரண்டையும் அந்தப் பருவத்தில் ஒருமுறை வென்றிருந்த அணி. இதிலிருந்து சென்ட்ரல் ஃப்ளோரிடாதான் நாட்டிலேயே சிறந்த அணி என்று முடிவுக்கு வர மாட்டேன். ஓர் ஆட்டம் அவ்வளவு பாரத்தைத் தாங்காது. ஆனால் அதன் 12 வெற்றிகளைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவைத்தவர்களிடம், தள்ளுவதற்கான ஆதாரம் எவ்வளவு குறைவாக இருந்தது என்பதை அந்த ஓர் ஆட்டம் காட்டிவிட்டது.

என் அலுவலக நண்பரோடு நான் முட்டிக்கொண்டது வேறொரு இடத்தில். அட்டவணை கடினம் என்று சொல்லும்போது, யாருக்குக் கடினம் என்பதை அவரும் சொல்வதில்லை, தொலைக்காட்சியில் பேசுபவர்களும் சொல்வதில்லை. இரண்டு அட்டவணைகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் அட்டவணையில் பன்னிரண்டு எதிரிகளும் நடுத்தரத்துக்குச் சற்று மேலானவர்கள். நாட்டின் தலைசிறந்த அணியொன்று ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல 90 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைப்போம். இரண்டாவது அட்டவணையில் பத்து எதிரிகள் சோப்ளாங்கிகள், வெல்லும் வாய்ப்பு 99 சதவீதம்; மீதி இரண்டு எதிரிகள் சமபலம் கொண்டவர்கள், வாய்ப்பு 50 சதவீதம். முதல் அட்டவணையில் அந்தத் தலைசிறந்த அணி சராசரியாக 10.8 ஆட்டங்களை வெல்லும், இரண்டாவதில் 10.9. ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒரு தோல்விகூட இல்லாமல் பருவத்தை முடிக்கும் வாய்ப்பு முதல் அட்டவணையில் 28 சதவீதம், இரண்டாவதில் 23 சதவீதம்தான். பத்துச் சோப்ளாங்கிகளைக் கொண்ட அட்டவணைதான் அந்த அணிக்கு அதிக ஆபத்தானது.

இப்போது அதே இரண்டு அட்டவணைகளை ஒரு நடுத்தர அணியிடம் கொடுப்போம். முதல் அட்டவணையில் ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல அதற்கு 35 சதவீத வாய்ப்பு என்றால், பருவத்துக்கு நான்கு வெற்றி தேறும். இரண்டாவதில் பத்துப் பேருக்கு எதிராக 70 சதவீதமும், பெரிய இருவருக்கு எதிராக 5 சதவீதமும் வாய்ப்பு என்றால் ஏழு வெற்றி தேறும். நடுத்தர அணிக்கு முதல் அட்டவணை எமன். தலைசிறந்த அணிக்கு அது ஏறக்குறைய உலா. ஆகவே எதிரிகளின் பலத்தைக் கூட்டிச் சராசரி எடுத்து, உன் அட்டவணை இத்தனையாவது இடம், என் அட்டவணை இத்தனையாவது இடம் என்று பட்டியல் போடுவது எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை. எஸ்.இ.சி. ஆதரவாளர்கள் வாரா வாரம் அடி வாங்குகிறோம் என்பார்கள். அது நடுத்தர அணியின் துயரம். பட்டம் வெல்லத் தகுதியுள்ள அணி என்று உரிமை கோருபவர் அந்தத் துயரத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது.

அலபாமாவின் மூன்று தோல்விகளை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டென்னசியிடம் தோற்றது மன்னிக்கக்கூடியது. வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்றதும், ஓக்லஹோமாவிடம் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் பெறும் 6 புள்ளி) போடாமல் 24-3 என்று தோற்றதும் அட்டவணையின் கொடுமையால் நேர்ந்தவை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. தரவரிசையில் முதல் பத்துக்குள் இருக்கத் தகுந்த ஓர் அணி, அலபாமாவின் அட்டவணையை ஆடியிருந்தால் சராசரியாக எத்தனை ஆட்டம் வென்றிருக்கும், இந்தியானாவின் அட்டவணையை ஆடியிருந்தால் எத்தனை வென்றிருக்கும் என்று கேட்பதே சரியான கேள்வி. முதல் அட்டவணையில் அத்தகைய அணி இந்தியானாவின் அட்டவணையில் பெறுவதைவிட ஒரு வெற்றி குறைவாகப் பெறும் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். அப்போதும் 11க்கும் 9க்கும் இடையே ஒரு வெற்றி மிச்சம் இருக்கிறது. இ.எஸ்.பி.என். என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி நிறுவனம் இதே போன்ற ஓர் அளவையைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. தேர்வுக்குழுவும் 2025 பருவத்தில் வெற்றி தோல்விக் கணக்கை அட்டவணையோடு சேர்த்து எடைபோடும் புதிய அளவை ஒன்றைத் தன் கருவிகளில் சேர்த்துக்கொண்டது. காலம் கடந்து வந்தாலும் சரியான திசையில் வந்த மாற்றம் என்பது என் எண்ணம்.

பிளேஆஃபில் இந்தியானா நோட்டர் டேமிடம் 27-17 என்றும், எஸ்.எம்.யு. பென் ஸ்டேட்டிடம் 38-10 என்றும் தோற்றபோது, பார்த்தீர்களா என்று என் நண்பர் கேட்டார். டிசம்பர் கடைசி நாளில், இந்தியானா வென்றிருந்த அதே மிச்சிகனிடம் அலபாமா 19-13 என்று தோற்றபோது அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நியாயமாகப் பார்த்தால் இரண்டு பக்கத்துக்கும் இவை சாட்சியாகா. தேர்வு நடந்த நாளில் கையிலிருந்த தகவலை வைத்துத்தான் தேர்வை மதிப்பிட வேண்டும். அடுத்த பருவத்தில் இந்தியானா மறுபடியும் ஓல்ட் டொமினியன், கெனசா ஸ்டேட், இந்தியானா ஸ்டேட் என்று மூன்று எளிய ஆட்டங்களோடு தொடங்கி, அலபாமாவை ரோஸ் பவுலில் 38-3 என்று நொறுக்கி, 16 ஆட்டங்களையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. அதைக் காட்டி 2024 தேர்வு சரி என்று வாதிடும் இந்தியானா ரசிகர்களிடமும் எனக்கு இதே மறுப்புதான்.

இன்னொரு விஷயம், அட்டவணையை அணிகள் முழுதாகத் தேர்ந்தெடுப்பதுமில்லை, முழுதாகத் தலைவிதியாகப் பெறுவதுமில்லை. கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் விதிக்கப்பட்டவை. வெளி ஆட்டங்கள் ஒப்பந்தங்கள். பெரிய அணிகளுக்கு இடையேயான ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையெழுத்தாகிவிடும். சிறிய அணிகளைத் தம் மைதானத்துக்கு வரவழைக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் காசு கொடுக்கின்றன. 2007இல் ஐந்தாம் இடத்திலிருந்த மிச்சிகனுடன் ஆட ஆப்பலாச்சியன் ஸ்டேட் என்ற கீழ்ப்பிரிவு அணி 4 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு வந்தது. வந்த அணி 34-32 என்று வென்றுவிட்டு, காசோலையையும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. அப்படி நடப்பது அபூர்வம் என்பதால்தான் அந்தச் சந்தை இன்றும் நடக்கிறது.

2004இல் ஆபர்னுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். பௌலிங் கிரீன் அணி ஆபர்னோடு இருந்த ஒப்பந்தத்தை விட்டுவிட்டு ஓக்லஹோமாவோடு ஆடப் போய்விட்டது. அவசரத்தில் ஆபர்னுக்குக் கிடைத்தது சிடடெல் என்ற கீழ்ப்பிரிவு அணி. அந்தப் பருவத்தில் ஆபர்ன், ஓக்லஹோமா, சதர்ன் கலிஃபோர்னியா மூன்றும் தோல்வியே காணாமல் டிசம்பரை எட்டின. இறுதியாட்டத்துக்கு இரண்டு இடம்தான். சிடடெல்லைச் சொல்லிச் சொல்லியே ஆபர்னை மட்டம் தட்டினார்கள். இடம் ஓக்லஹோமாவுக்குப் போனது. அது இறுதியாட்டத்தில் 55-19 என்று சிதறியது.

2025இல் டெக்சஸ், ஒஹாயோ ஸ்டேட்டின் மைதானத்துக்கே போய் முதல் ஆட்டத்தில் 14-7 என்று தோற்றது. 9 வெற்றி, 3 தோல்வியில் பருவத்தை முடித்து, பன்னிரண்டுக்குள் வராமல் போனது. அந்த ஆட்டத்துக்குப் பதில் ஏதோ ஒரு சிறிய அணியோடு ஆடி 10 வெற்றி பெற்றிருந்தால் உள்ளே வந்திருப்போமே என்பது டெக்சஸ் தரப்பின் புலம்பல். டெக்சஸை வெளியே தள்ளியது கொலம்பஸில் கண்ட தோல்வி என்பதைவிட, 8 ஆட்டங்களில் தோற்று முடித்த ஃப்ளோரிடாவிடம் கண்ட தோல்வி என்பதே என் கட்சி. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் விளையாட்டுத்துறை இயக்குநர் என் கட்சியைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. அவர் பார்ப்பது தோல்வி என்ற பத்தியில் உள்ள எண்ணை.

2026 முதல் எஸ்.இ.சி.யும் ஒன்பது கான்ஃபரன்ஸ் ஆட்டங்களுக்கு மாறுகிறது. 16 அணிகள் கொண்ட கான்ஃபரன்ஸில் எட்டு ஆட்டம் என்றால் மொத்தம் 64. ஒன்பது என்றால் 72. கூடுதலாக வரும் எட்டு ஆட்டங்களில் யார் வென்றாலும் எட்டுத் தோல்விகள் அந்தக் கான்ஃபரன்ஸின் கணக்கிலேயே விழும். முன்பெல்லாம் அவற்றின் இடத்தில் அணிக்கு ஒன்றாகப் பதினாறு வெளி ஆட்டங்கள் இருந்திருக்கும், அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு சிறிய அணிக்கு எதிரான வெற்றியாக முடிந்திருக்கும். 9 வெற்றி, 3 தோல்வி அணிகள் இனி அங்கே அதிகமாகும். அவற்றை எப்படி எடைபோடப் போகிறோம் என்பதைத் தேர்வுக்குழு டிசம்பரில் விளக்குவதற்குப் பதிலாக, எந்தத் தரமுள்ள அணியை அளவுகோலாக வைத்துக் கணக்கிடுகிறது என்பதை ஆகஸ்டிலேயே எண்ணோடு அறிவித்துவிட வேண்டும். என் நண்பரும் நானும் கடைசியில் ஒத்துப்போனது இந்த ஒரு கோரிக்கையில்தான். அந்த அளவுகோல் அணி முதல் ஐந்தின் தரத்தில் இருக்க வேண்டுமா, முதல் இருபத்தைந்தின் தரத்தில் இருக்க வேண்டுமா என்பதில் இன்னும் ஒத்துப்போகவில்லை.